கோலி திரும்பிப் பார்த்தபோது

கதை எழுதத் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர் இருக்க, அது தெரியாத நான் பேனாவை எடுத்ததற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். வில்லோ பெண்ட் நீதிமன்றத்தில் பிறர் பேசுவதைச் சுருக்கெழுத்தில் எடுத்துத் தட்டச்சு செய்து கொடுப்பது என் வேலை. யார் எதைச் சொன்னாலும் சொன்னபடியே எழுத வேண்டும். என் கருத்து என்று ஒரு காற்புள்ளிகூட அதில் நுழையக் கூடாது. அப்படியே பழகிவிட்ட கை, சொந்தமாக ஒரு வாக்கியம் எழுத முனையும்போது தயங்குகிறது. ஆயினும், கரடி பொம்மை ஆட்டத்தன்று எங்கள் வரிசையில் நடந்ததை ஊரில் ஆளுக்கொரு விதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அருகில் இருந்து பார்த்தவள் என்ற ஒரே தகுதியில் எழுதுகிறேன். பிழை இருப்பின் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

எங்கள் வரிசை, ஐஸ் ஹாக்கி அரங்கத்தின் வடக்கு முனையில், கோல் வலைக்கு நேர் பின்னால், கண்ணாடித் தடுப்பை ஒட்டி இருக்கிறது. நான்கு இருக்கைகளும் நாங்கள் நால்வரும் பல பருவங்களாக மாறவில்லை. இடது ஓரத்தில் ஒரெஸ்ட் வாசிலிக். ரயிலடித் தானியக் கிடங்கை நடத்தி ஓய்வு பெற்றவர். அவருக்கு அடுத்து பல் மருத்துவர் கிளெமென்ட் ஃபுவாசி. ஐஸ் ஹாக்கி ஆடும் ஊரில் பல் மருத்துவருக்கு ஓய்வேது என்று அவரே சொல்லிக்கொள்வார். அடுத்து பெர்னிஸ் கோவல். கடைசியில் நான், வினிஃப்ரெட்.

பெர்னிஸைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். எங்கள் த்ரெஷர்ஸ் அணியில் ஆடுகிறவர்கள் எல்லாம் பதினாறு முதல் இருபது வயது வரையிலான பையன்கள். பாதிப் பேர் வெளியூர்க்காரர்கள். அவர்களை ஊரில் சில குடும்பங்கள் தம் வீட்டில் தங்கவைத்துச் சமைத்துப் போட்டு, கடைசிவரை சொந்தப் பிள்ளை போலப் பார்த்துக்கொள்ளும். பெர்னிஸின் வீடு அப்படிப்பட்டது. அவருடைய மாடியறையில் தங்கிச் சென்றவர்களின் புகைப்படங்கள் குளிர்பெட்டிக் கதவை முழுக்க மறைத்திருக்கின்றன.

நவம்பர் நடுவில் அணி நிர்வாகி ஒரு மாற்றம் செய்தார். எங்கள் ஊரிலேயே பிறந்து, ஆற்றுப் பனியில் ஆடப் பழகிய டிஃபென்ஸ் ஆட்டக்காரன் ரேமி லாலிபர்த்தேயையும், அடுத்த ஆண்டுப் புதுமுகத் தேர்வில் எங்களுக்கிருந்த இரண்டு வாய்ப்புகளையும் மானிட்டோபா மாகாணத்து அணி ஒன்றுக்குக் கொடுத்தார். பதிலுக்கு நோலன் ராட்கே என்ற ஃபார்வர்டை வாங்கினார். வயது இருபது. சென்ற பருவத்தில் அந்த அணியில் யாரையும்விட அதிக கோல் அடித்தவன் என்று செய்தித்தாள் எழுதியது. பெர்னிஸின் மாடியறை காலியாக இருந்ததால் அவன் அங்கே வந்து சேர்ந்தான்.

வந்த நாளிலிருந்து டிசம்பர் முதல் வாரம் வரை அவன் ஒரு கோலும் அடிக்கவில்லை.

ஆட்டத்துக்கு மறுநாள் காலைகளில் நாங்கள் நால்வரும் நெடுஞ்சாலை ஓரத்து டோனட் கடையில் கூடுவது வழக்கம். அந்தக் காலைகளில் வேறு பேச்சே இல்லை.

“சொல்லுங்க டாக்டர், நீங்க படிச்சவரு,” என்று தொடங்கினார் ஒரெஸ்ட், காபியில் மூன்றாவது சர்க்கரையைக் கொட்டிக்கொண்டே. “அத்தனை கோல் அடிச்சானாமே, எங்க அடிச்சான்? அவங்கப்பன் கராஜ் கதவுலயா?”

“கை நல்ல கைதான்யா.”

“கையை யாரு குறை சொன்னா? காலைப் பாருங்க. அறுவடை முடிஞ்சு கிடங்குக்கு வர்ற லாரி மாதிரி. ரெண்டாவது கியரைத் தாண்டவே மாட்டேங்கிறான். இவன் திரும்புறதுக்குள்ள எதிராளி போய்ச் சாப்பிட்டுட்டு வந்துடுறான்.”

“உடம்பு இருக்கில்ல. கோலுக்கு முன்னாடி நின்னான்னா ரெண்டு பேர் சேர்ந்து தள்ளினாலும் அசைய மாட்டான். கடைவாய்ப் பல்லு மாதிரி நிக்கிறான். நான் பிடுங்கிப் பார்த்திருக்கேன், அந்த மாதிரிப் பல்லை. வேர்வை ஊத்திரும்.”

“நிக்கிறான், சரி. நின்னு? பஸ்ஸுக்கா காத்திருக்கான்?”

பெர்னிஸ் தம் கோப்பையைப் பார்த்தபடியே சொன்னார்: “பையன் வந்து மூணு வாரம்கூட ஆகல, ஒரெஸ்ட்.”

“உங்க வீட்டுப் பையனைச் சொன்னா உங்களுக்குக் கோவம் வரும். புரியுது. ஆனா எனக்கு ரேமியோட அம்மா முகத்தைப் பார்க்க முடியலம்மா. மளிகைக் கடையில நேத்து எதிர்ல வந்தா. ‘நல்லாருக்கியா’ன்னு கேட்டேன். ‘நீங்கதான் நல்லா இருக்கணும், புது ஃபார்வர்டோட’ன்னுட்டுப் போயிட்டா.”

“அதுக்கு நோலன் என்ன பண்ணுவான்? அவனா கேட்டு வந்தான்?”

“கேட்டு வரல. வந்தவன் ஒரு கோல் போடலாம்ல? மரியாதைக்காச்சும்!”

கிளெமென்ட் ஃபுவாசி எப்போதும் போலப் பேச்சின் நடுவே மேசையைச் சுத்தம் செய்யத் தொடங்கினார். அது அவர் எதையோ விளக்கப்போகிறார் என்பதற்கான அறிகுறி. காலித் தட்டைக் கோல் வலையாக வைத்தார். அதன் முன் உப்புக் குப்பியைக் கோலியாக, அதாவது கோல் காப்பாளனாக, நிறுத்தினார். உப்புக்கு முன்னால், மிக அருகில், ஒரு சாக்லேட் டோனட்டை வைத்தார்.

“இதுதான் ராட்கே.”

“உருவமும் சரி, வேகமும் சரி,” என்றார் ஒரெஸ்ட்.

“கேளுய்யா. நான் மூணு ஆட்டமா இவனை மட்டுமே பார்த்துட்டு இருக்கேன். இவன் முதல் அடி அடிக்கிற ஆளே இல்ல. தூரத்துல இருந்து இன்னொருத்தன் அந்த ரப்பர் வட்டைப் பலமா அடிக்கணும். அது கோலியோட காலுல படும், கையில படும், கம்பத்துல படும். பட்டுக் கீழ விழுது பாரு, அந்த வட்டு, அந்த ரெண்டாவது அடி, அதுதான் இவனோட சோறு. போன வருசம் போட்டது அத்தனையும் அப்படித்தான் போட்டிருப்பான். கோலி முகத்துக்கு முன்னாடி நின்னு, மூச்சு விட விடாம, கீழ விழுந்ததைப் பொறுக்கி உள்ள தள்ளியிருப்பான். சும்மா சொல்லக் கூடாது, அது பெரிய திறமை. அந்த இடத்துல அடி வாங்கிட்டு நிக்கறதுக்கே ஆள் கிடைக்காது.”

“சரி. முதல் அடி யாரு அடிக்கறது?”

கிளெமென்ட் தூரத்தில், பனித்தளத்தின் குறுக்கே வரைந்த நீலக்கோடு இருக்க வேண்டிய இடத்தில், சர்க்கரைப் பொட்டலம் ஒன்றை வைக்கப்போனார். கை பாதியில் நின்றது. எங்கள் அணியில் நீலக்கோட்டிலிருந்து வலையை நோக்கி அடிக்கக்கூடியவன் ஒருவனே இருந்தான். அவன் அடித்தால் எங்கள் முகத்துக்கு நேரே கண்ணாடி அதிரும்.

“ரேமி,” என்றேன் நான். அந்த மேசையில் நான் பேசுவது அரிது என்பதால் மூவரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாகிவிட்டது.

“அப்படிப் போடு, கோர்ட்டம்மா!” ஒரெஸ்ட் மேசையில் குத்தினார். உப்புக் குப்பி கவிழ்ந்தது. “அடிக்கிறவனைக் குடுத்துட்டு, அவன் அடிச்சதைப் பொறுக்கறவனை வாங்கியிருக்கானுங்க! டிராக்டரை வித்துட்டு டிரெய்லர் வாங்கின கதை! இப்போ டிரெய்லர் நகரலேன்னு அதை உதைச்சு என்ன பிரயோசனம்?”

“நீங்கதான் உதைச்சுக்கிட்டே இருக்கீங்க,” என்றார் பெர்னிஸ்.

ஒரெஸ்ட் கவிழ்ந்த உப்புக் குப்பியை நிமிர்த்தி வைத்தார். “ஆமா. யாரையாவது உதைக்கணும்ல?”

நால்வரும் சிரித்தோம். ஆனால் அது சிரிப்புக்கான விஷயம் இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவனிடம் குறை இல்லை. அணியிடமும் தனியாகக் குறை இல்லை. இரண்டும் பொருந்தவில்லை, அவ்வளவுதான். திட்டுவதற்குச் சரியான ஆள் கிடைக்காத கோபம் எங்களைத் தின்றுகொண்டிருந்தது.

அந்த வியாழக்கிழமை மாலை, வேலை முடிந்து காரின் எஞ்சினைச் சூடாக வைக்கும் மின்கம்பியைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அடுத்த இடத்தில் பெர்னிஸின் கார் வந்து நின்றது. கண்ணாடியை இறக்கினார். அந்தக் குளிரில் யாரும் தேவையின்றிக் கண்ணாடியை இறக்க மாட்டார்கள்.

“வின்னி, ஒண்ணு சொல்றேன். அந்த ரெண்டு பேர்கிட்டயும் சொல்லிறாத.”

“சொல்ல மாட்டேன்.”

“மெக்ரேயோட தோள் சரியாயிடுச்சாம். திங்கக்கிழமை திரும்பி வர்றான்.”

அதன் பொருள் எனக்கு உடனே புரிந்தது. எங்கள் லீகில் ஓர் அணியில் இருபது வயதானவர்கள் மூவருக்கு மேல் இருக்கக் கூடாது. அந்த மூவரில் ஒருவனான மெக்ரே காயத்தில் இருந்ததால் ராட்கேவுக்கு இடம் இருந்தது. மெக்ரே திரும்பினால் நால்வராகிவிடும், ஒருவன் விடுவிக்கப்படுவான். பருவத்தின் நடுவில், அந்த வயதில் விடுவிக்கப்பட்டவனை வேறு அணி எடுப்பது அபூர்வம். அடுத்த ஆண்டு வயது கடந்துவிடும். அத்துடன் முடிந்தது.

“பயிற்சியாளர் கூப்பிட்டுப் பேசியிருக்காரு. ‘உன்னை வெச்சுக்கணும்னு எனக்கு ஆசைதான். சனிக்கிழமை ஒரே ஒரு கோல் போடு. நிர்வாகிகிட்டப் போய்ப் பேச எனக்கு ஒரு காரணம் குடு’ன்னாராம். பையன் ராத்திரி சாப்பிடவே இல்ல, வின்னி. பிரோகி பண்ணி வெச்சேன், மாவுக்குள்ள உருளைக்கிழங்கு வெச்சு, வெங்காயம் நிறையப் போட்டு. ஒண்ணைக்கூடத் தொடல. அவங்கப்பாவுக்கு மானிட்டோபாவுல பன்னிப் பண்ணை. என்ன சொன்னாராம் தெரியுமா? ‘கவலைப்படாதடா, உனக்கு ரப்பர் பூட்ஸ் வாங்கி வெச்சுட்டேன்’னாராம். ஆறுதலா சொல்றாராம்!”

“ஒரு கோல்தானே. விழும்,” என்றேன். வேறு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

“அவன் போகக் கூடாது. வந்த பையன் எல்லாரும் போறதுக்குத்தான் வர்றாங்க, எனக்குத் தெரியும். ஆனா இப்படி இல்ல. பூட்ஸுக்காக இல்ல.”

பின் இருக்கையில் ஒரு கரடி பொம்மை உட்கார்ந்திருந்தது. பழுப்பு நிறம். அதற்கு எங்கள் அணியின் மஞ்சளில் பெர்னிஸ் தம் கையால் ஸ்வெட்டர் பின்னிப் போட்டிருந்தார். முதுகில் நோலனின் எண்.

“அவன்தான் கடையில எடுத்தான். ‘நான் கோல் போட்டதும் இதை எறிங்க பெர்னிஸம்மா. நானே வந்து பொறுக்கிக்கிறேன்’னான்.”

சனிக்கிழமை ஆட்டம் எங்கள் ஊரில் ஆண்டுக்கொருமுறை வரும் ஆட்டம். அன்று வருகிறவர்கள் எல்லாரும் ஒரு பொம்மையாவது கொண்டுவருவார்கள். எங்கள் அணி முதல் கோலைப் போட்டதும், அரங்கமே எழுந்து பொம்மைகளைப் பனித்தளத்தில் வீசும். அவை கிறிஸ்துமஸுக்கு மருத்துவமனைக் குழந்தைகளுக்குப் போகும். முதலில் வீசுவது எங்கள் வரிசைதான். வட்டு வலைக்குள் போனதா இல்லையா என்பது எங்களுக்குத்தான் அருகில் தெரியும் என்பதால், மற்றவர்கள் எங்கள் கையைப் பார்த்தே வீசுவார்கள். ஆண்டாண்டாக அந்த முதல் கை ஒரெஸ்டினுடையது.

அதற்கு அவர் ஒரு வழி வைத்திருந்தார். கேட்பவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொல்லியிருக்கிறார். “வட்டைப் பார்க்காதீங்க. அந்த வேகத்துல கண்ணு ஏமாத்திரும். கோலியோட கழுத்தைப் பாருங்க. உள்ள போகலேன்னா அவன் முன்னாடியே பார்ப்பான். கழுத்து பின்னாடி திரும்பிச்சுன்னா முடிஞ்சது, கோல். அவனுக்குத் தெரியாம எதுவும் அவன் வலைக்குள்ள போகாது.”

அன்று எதிரணி நார்த் ஃபோர்க். முதல் பகுதியில் கோல் இல்லை. இரண்டாம் பகுதியிலும் இல்லை. மடியில் பொம்மையுடன் அத்தனை பேர் உட்கார்ந்திருப்பது சகிக்க முடியாத காட்சி. குழந்தைகள் அழத் தொடங்கினார்கள். பின்னாலிருந்து ஒருவன், “ஏதாச்சும் ஒண்ணைப் போடுங்கடா, கரடிக்கு முடி நரைக்குது!” என்று கத்தினான்.

நோலன் கோலியின் முகத்துக்கு முன்னால் நின்றான். முதுகில் குத்து வாங்கினான், முழங்காலில் அடி வாங்கினான், நின்றான். நீலக்கோட்டிலிருந்து யாரும் அடிக்கவில்லை. வட்டு ஓரங்களிலேயே சுற்றிச் சுற்றி வந்தது.

“அடிங்கடா!” ஒரெஸ்டின் குரல் பிளந்துவிட்டது. “அங்க ஒருத்தன் மரம் மாதிரி நிக்கிறான், அவனுக்கு ஒண்ணைக் குடுங்கடா! டாக்டர், பாருங்க, மறுபடியும் ஓரத்துக்கே தள்றான். இவனுங்களுக்கு வலை எங்க இருக்குன்னு யாராச்சும் படம் போட்டுக் காட்டுங்க!”

“இப்போ நீ ராட்கே கட்சியா?” என்றார் கிளெமென்ட்.

“நான் எவன் கட்சியும் இல்ல. எனக்கு இந்தக் கரடியை எறியணும். கை மரத்துப் போச்சு.” அவருடைய கரடி எப்போதும் போல அரங்கத்திலேயே பெரியது, மடி கொள்ளாமல் இரு கைகளாலும் அணைத்துக்கொண்டிருந்தார்.

பெர்னிஸ் மஞ்சள் ஸ்வெட்டர் கரடியின் கால்களைப் பிடித்து முறுக்கிக்கொண்டே இருந்தார். நான் அவருடைய மணிக்கட்டின் மேல் கை வைத்தேன். அவர் கவனிக்கவில்லை.

மூன்றாம் பகுதியில் எங்கள் அணி மீண்டும் எங்கள் முனையை நோக்கி ஆடியது. முடிவதற்குச் சில நிமிடங்களே இருந்தன. வட்டு நீலக்கோட்டில் இருந்த சின்னப் பையனிடம் போனது. ரேமியின் இடத்தில் ஆடுகிறவன், பதினாறு வயது, அதுவரை அடிக்கவே பயந்தவன். எதிரே ஒருவன் பாய்ந்து வரவும், வேறு வழியின்றிக் கண்ணை மூடிக்கொண்டு அடித்தான். அடி என்றால் அதுதான் அடி. நோலன் கோலியை மறைத்து நின்றான். வட்டு அவனுடைய தோளை உரசிக்கொண்டு போனது. வலைச் சட்டத்தின் மேல் கம்பி மணியடித்தது போல ஒலித்தது.

கோலி கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்தான்.

பெர்னிஸ் எழுந்தார். மஞ்சள் ஸ்வெட்டர் கண்ணாடித் தடுப்புக்கு மேலே பறந்ததை நான் பார்த்தேன். எங்கள் வரிசையிலிருந்து ஒரு கரடி கிளம்பிவிட்டது. அரங்கத்துக்கு அது போதும். பக்கவாட்டிலிருந்து, மேல்தளத்திலிருந்து, எதிர்முனையிலிருந்து கரடிகள், யானைகள், முயல்கள், பெயர் தெரியாத பஞ்சு மிருகங்கள் எல்லாம் கொட்டின.

வட்டு உள்ளே போகவில்லை. மேல் கம்பியில் பட்டுக் கீழே விழுந்திருந்தது. கோலிக்கே அது தெரியவில்லை. ஒலியைக் கேட்டு, பயந்து திரும்பியிருக்கிறான். அவன் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில் வட்டு நோலனின் காலடியில் கிடந்தது. அவன் அதைச் சறுக்குக் காலணியின் கத்தியால் தட்டி மட்டைக்கு மாற்றி, உடம்பைச் சுழற்றி, காலி வலைக்குள் தள்ளினான். கிளெமென்ட் மேசையில் டோனட்டை வைத்துக் காட்டினாரே, அச்சு அசல் அதே. அந்த ரெண்டாவது அடி. அவனுடைய சோறு.

அதற்கு ஒரு மூச்சு முன்னால் நடுவர் விசில் ஊதிவிட்டார். ஆட்டம் நடக்கும்போது தளத்தில் பொருள் விழுந்தால் ஆட்டத்தை நிறுத்த வேண்டும் என்பது விதி. நடுவரின் காலடியில் மஞ்சள் ஸ்வெட்டர் போட்ட கரடி கிடந்தது.

நோலன் இரு கைகளையும் உயர்த்தியிருந்தான். நடுவர் கைகளை அகல வீசிக் கோல் இல்லை என்றார். நோலனின் கைகள் உயர்ந்தபடியே கொஞ்ச நேரம் இருந்தன. அவற்றை இறக்க அவனுக்கு மனம் வரவில்லை போலும்.

ஒலிபெருக்கி இரண்டு செய்திகளைச் சொன்னது. கோல் செல்லாது. ரசிகர்கள் ஆட்டத்தைத் தடுத்ததற்காக த்ரெஷர்ஸ் அணிக்கு இரண்டு நிமிடத் தண்டனை.

அரங்கத்தில் ஓர் உறுமல் எழுந்தது. அது நடுவரை நோக்கித் தொடங்கி, மெல்லத் திரும்பி, எங்கள் வரிசையை நோக்கி வந்தது.

“யாருடா அது முதல்ல எறிஞ்சது?”

“வலைக்குப் பின்னாடி உட்கார்ந்துக்கிட்டுக் கண்ணு தெரியல?”

“எழுந்து நில்லுங்கடா, மூஞ்சியைப் பார்ப்போம்!”

பெர்னிஸ் வாயைத் திறந்தார். எழப்போகிறார் என்று எனக்குத் தெரிந்தது.

ஒரெஸ்ட் அதற்கு முன் எழுந்தார். “நான்தான்யா எறிஞ்சேன்!” என்று திரும்பி நின்று கத்தினார். “எப்பவும் நான்தானே எறியறேன். இன்னைக்கு மட்டும் வேற எவன் எறிவான்? கோலி திரும்பினான், எறிஞ்சேன். என்ன பண்ணப் போறீங்க? வாங்க, வந்து கரடியால அடிங்க!”

யாரோ பாப்கார்ன் டப்பாவை வீசினார்கள். அது அவருடைய தொப்பியைத் தட்டிவிட்டது. அவர் குனிந்து எடுக்கவில்லை. ஏனென்றால் அவருடைய பெரிய கரடி அவருடைய காலுக்குக் கீழே, கூச்சல் எழுந்ததுமே மேலங்கிக்குள் சுருட்டப்பட்டு, வீசப்படாமல் கிடந்தது. குனிந்திருந்தால் தெரிந்திருக்கும். கிளெமென்ட் தம் காலால் அதை இருக்கைக்கு அடியில் இன்னும் உள்ளே தள்ளினார்.

“ஒரெஸ்ட்,” என்றார் பெர்னிஸ், மிகத் தணிந்த குரலில்.

“வாயை மூடிக்கிட்டு உட்காருங்க. கழுத்தைப் பாருன்னு சொன்னது எவன்? நான்தானே? அப்போ நான்தான் எறிஞ்சேன்.”

இரு அணிப் பையன்களும் சேர்ந்து பொம்மைகளைப் பொறுக்கி வண்டிகளில் போட்டார்கள். நோலன் மஞ்சள் ஸ்வெட்டரின் அருகே வந்தான். குனிந்து எடுத்தான். முதுகில் இருந்த தன் எண்ணைப் பார்த்தான். எங்கள் வரிசையை நிமிர்ந்து பார்ப்பான் என்று எதிர்பார்த்தேன். அவன் பார்க்கவில்லை. வேண்டுமென்றே பார்க்கவில்லை என்பது என் எண்ணம். மற்ற பொம்மைகளை எல்லாரும் வண்டிக்குள் விட்டெறிந்துகொண்டிருக்க, அவன் அந்த ஒன்றை மட்டும் கை நீட்டி மெதுவாக உள்ளே வைத்தான்.

தண்டனை நேரத்தில் ஓர் ஆள் குறைவாக ஆடிய எங்கள் அணியின் மீது நார்த் ஃபோர்க் கோல் போட்டது. ஆட்டம் அப்படியே முடிந்தது. வீசுவதற்கு ஒரெஸ்டைத் தவிர யாரிடமும் எதுவும் மிச்சமில்லை.

ஒரெஸ்ட் தம் கரடியை மேலங்கிக்குள் வைத்துப் பொத்தான் போட்டுக்கொண்டு, பெருத்த வயிற்றோடு வாசலைக் கடந்தார். இருபுறமும் வசை கிடைத்தது. “தின்னு கொழுத்தது போதும், போய்க் கண்ணைக் காட்டு!” என்றான் ஒருவன். அவர் பதில் சொல்லவில்லை. நான் அறிந்து, அது அவர் பதில் சொல்லாத முதல் தடவை.

அன்றிரவு வீட்டில் நடந்ததைப் பெர்னிஸ் சொல்லித்தான் அறிவேன். நோலன் வந்ததும் பிரோகி கேட்டானாம். தட்டு நிறையச் சாப்பிட்டானாம். பெர்னிஸ் எதிரே உட்கார்ந்து, சொல்ல வேண்டியதைச் சொல்லத் தொடங்கினாராம்.

“நோலன், அந்தக் கரடி…”

“ஒரெஸ்ட் ஐயாகிட்ட ஒண்ணு சொல்லிடுங்க பெர்னிஸம்மா. நான் அவரைத் தப்பா நினைக்கல. கோலி திரும்பினான்ல, யாரா இருந்தாலும் எறிஞ்சிருப்பாங்க.”

“நோலன், நான் சொல்றதைக் கேளு…”

“நம்ம கரடி எங்க விழுந்துச்சுன்னே நான் பார்க்கல. அவ்வளவு கூட்டத்துல எங்க தேடறது? இன்னும் ரெண்டு பிரோகி வைங்க. புளிச்ச கிரீம் இருக்கா?”

பெர்னிஸ் எழுந்து கிரீம் எடுக்கப் போனாராம். குளிர்பெட்டிக் கதவில் இருந்த புகைப்படங்களின் முன் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பினாராம். அதற்குமேல் அவர் எதுவும் சொல்ல முயலவில்லை. சொல்ல அவன் விடவில்லை.

திங்கட்கிழமை காலை பயிற்சியாளர் அவனை அழைத்து விடுவித்தார். நல்ல வார்த்தைகள் சொன்னாராம். மதியம் மானிட்டோபாவிலிருந்து அப்பாவின் டிரக் வந்தது. பின்புறத்தில் மட்டைப் பைக்குப் பக்கத்தில் புது ரப்பர் பூட்ஸ் பெட்டி இருந்ததைப் பெர்னிஸ் பார்த்திருக்கிறார்.

மறுநாள் டோனட் கடையில் வானொலி ஓடிக்கொண்டிருந்தது. அணி நிர்வாகி பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தார்: ராட்கே நல்ல ஆட்டக்காரன்தான், ஆனால் எங்கள் ஆட்ட முறைக்குப் பொருந்தவில்லை, கோல் வரவில்லை, வருந்துகிறோம்.

“வந்துச்சுடா!” ஒரெஸ்ட் வானொலியைப் பார்த்துக் கத்தினார். பணிப்பெண் திடுக்கிட்டுத் திரும்பினார். “கோல் வந்துச்சு! நாங்க நாலு பேர் பார்த்தோம். உன் கண்ணு எங்கடா போச்சு? பொருந்தலையாம்! ஒரே ஒருத்தன் ஒரே ஒரு தடவை நீலக்கோட்டுல இருந்து அடிச்சான், ராட்கே பொருந்தினானா இல்லையா?”

“பத்து நாளைக்கு முன்னாடி நீதான் அவனை லாரின்னே,” என்றார் கிளெமென்ட்.

“சொன்னேன். இப்பவும் சொல்றேன். கால் லாரிதான். ஆனா கோலுக்கு முன்னாடி அவனை மாதிரி ஒருத்தன் நின்னு நான் பார்த்ததில்ல. ரெண்டும் உண்மைதானே? ஏன் ரெண்டும் உண்மையா இருக்கக் கூடாது? நல்ல ஃபார்வர்டுய்யா அவன். நம்மளுக்குத்தான் வெச்சுக்கத் தெரியல.”

நான்காவது நாற்காலி காலியாக இருந்தது. பெர்னிஸ் வரவில்லை. தொலைபேசியில் அழைத்தபோது சளி என்றார். அடுத்த ஆட்டத்துக்கும் சளி என்றார். ஜனவரியில், தம் இருக்கையை வேறு யாருக்காவது கொடுத்துவிடும்படி அரங்க அலுவலகத்தில் சொல்லிவிட்டதாக அறிந்தோம். ஒரெஸ்டைப் பார்க்கும்போதெல்லாம் ஊர் இன்னும் கேலி செய்கிறது. சின்னப் பிள்ளைகள்கூட அவருக்குப் பின்னால் நின்று கழுத்தைத் திருப்பிக் காட்டுகிறார்கள். அவர் உண்மையைச் சொல்லவில்லை. பெர்னிஸ் சொல்லப்போனபோது தடுத்துவிட்டார். இப்போது நான் எழுதுவது பெர்னிஸ் கேட்டுக்கொண்டதால். ஒரெஸ்ட் இதைப் படித்தால் என்னுடன் பேச மாட்டார். அதற்காகவும் முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

அந்தப் பருவத்தில் நாங்கள் இழந்தவை: ரேமி லாலிபர்த்தே. புதுமுகத் தேர்வில் இரண்டு வாய்ப்புகள். நார்த் ஃபோர்க்குடன் ஓர் ஆட்டம். பலகையில் ஏறாத ஒரு கோல். நோலன் ராட்கே. ஊரில் ஒரெஸ்ட் வாசிலிக்கின் சொல்லுக்கு இருந்த மதிப்பு. எங்கள் வரிசையில் வலமிருந்து இரண்டாவது இருக்கை.